கரப்பான் பண்டம்

மயிலம்மாளின் கழுத்து பூசினாற்போல் திரண்டு வந்ததைக் கண்டு முதலில் சந்தோஷப்பட்டவள் அவள் நாத்தனார் நீலாவதிதான். தோட்டத்தில் மற்ற எல்லாருக்கும் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்ற காலம் அது. மலாயாவுக்கு ஜப்பான்காரன் வந்து இரண்டாவது வருஷம். அரிசிச் சோறு என்பது கனவில் சாப்பிடுகிற பண்டமாகிவிட்டது. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு பிள்ளைத்தாச்சிக்குக் கழுத்து நிறைகிறது, கன்னம் உப்புகிறது என்றால் அது யார் கைப்பக்குவம்? குழாயடியில் யாரும் கேட்காமலே நீலாவதி அதைச் சொன்னாள்.

"எந் தம்பி பொண்டாட்டியப் பாத்தீங்களா? கழுத்து நெறஞ்சிருச்சு. ஆம்பளப் புள்ளதான்."

"மரவள்ளிக் கெழங்கத் தின்னா கழுத்து நெறையும்?" என்றாள் பக்கத்து வீட்டுச் செல்லம்மா.

"திங்கறதுல இல்லடி. குடுக்கற கையில இருக்கு."

செல்லம்மா வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நீலாவதியோடு வாய் கொடுத்து மீண்டவர்கள் சின்னக்கல் தோட்டத்தில் கிடையாது.

சின்னக்கல் தோட்டம் செனாவாங் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. பால் வாங்க ஆளில்லாமல் ரப்பர் மரங்களில் பாதியை வெட்டிச் சாய்த்து, அந்த இடமெல்லாம் மரவள்ளி போட்டிருந்தார்கள். நேற்றுவரை வெட்டுக்கத்தி பிடித்தவர்கள் இன்று மண்வெட்டி பிடித்தார்கள். சன்னாசியும் அவன் மனைவி மயிலம்மாளும் கிழங்குக்காட்டில்தான் வேலை. நீலாவதி சன்னாசிக்கு அக்காள். அவள் புருஷன் மாயாண்டியைச் சயாமில் ரயில் பாதை போட என்று லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. தாலியைக் கழற்றுவதா, வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் கழுத்தில் போட்டபடியே தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வந்தவள் முதலில் கைப்பற்றியது அடுப்படியை.

பிள்ளைத்தாச்சிச் சமையல் என்றால் நீலாவதிக்குச் சட்டம் உண்டு. கருவாடு ஆகாது, சிப்பி ஆகாது, கடல் மீன் ஆகாது. எல்லாம் கரப்பான் பண்டம். தாய் தின்றால் பிள்ளைக்கு உடம்பெல்லாம் கரப்பான் புண் வெடித்து வரும். பிறகு முகமும் காலும் வீங்க ஆரம்பித்ததும் உப்பையும் நிறுத்தினாள். வீக்கத்துக்கு உப்பு ஆகாது என்று அவளுக்குத் தெரியும். தவிரவும் உப்பு இருந்தால்தானே போடுவதற்கு. ரேஷனில் கிடைத்த ஒரு பிடியை வெயிலில் வேர்த்துக் கொட்டும் சன்னாசிக்கு வைத்தாள். கிழங்கு அவித்த தண்ணீரை மட்டும் கொட்டாமல் ஆற்றி மயிலம்மாளுக்குக் குடிக்கக் கொடுத்தாள். கிழங்கின் சத்தெல்லாம் அதில்தான் இறங்கியிருக்கிறது என்பது அவள் கணக்கு.

அவள் இத்தனை கண்டிப்பாக இருந்ததற்குக் காரணம் இருந்தது. மயிலம்மாளுக்கு இது இரண்டாவது. முதல் பிள்ளை செத்துப் பிறந்தது. அந்தச் சின்ன உடம்பைக் குளிப்பாட்டித் துணியில் கிடத்தியிருந்தபோது, இவள் நிறைமாசத்தில் கருவாடு சுட்டுத் தின்றாள் என்று யாரோ சொன்னார்கள். உடனே எல்லார் முன்னாலும் நீலாவதி கேட்டாள்: "நாக்க அடக்கத் தெரியாதவளுக்கு எதுக்குடி புள்ள?" நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? மயிலம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நீலாவதியும் அதை அன்றோடு மறந்துவிட்டாள். சொன்னவர்களுக்கு மறப்பது எப்போதுமே சுலபம்.

ஆனால் இந்தத் தடவை மயிலம்மாளின் உடம்பு போன போக்கு கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. உச்சி வெயிலில் எல்லாரும் துண்டைப் பிழிந்து உதறும்போது அவள் சாக்கை எடுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள். குளிருகிறதாம். ஒரு பாத்தி கொத்துவதற்குள் மற்றவர்கள் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்கள். தலை வாரினால் சீப்பில் கொத்துக் கொத்தாக மயிர் வந்தது. பேச்சு தடித்து, சளி கட்டினவள் பேசுகிற மாதிரி கரகரத்தது. வயிறு நாள்கணக்கில் இளகவில்லை. உட்கார்ந்தால் தூக்கம். சாப்பிடும்போதே கை தட்டில் இருக்க, கண் மூடிக்கொண்டது.

"சோம்பேறித்தனம் பண்றா. புள்ளத்தாச்சின்னா இப்பிடியா? நாங்கள்லாம் பெக்கலயா?" என்று கிழங்குக்காட்டில் பேச்சு வந்தது.

அதற்கும் நீலாவதிதான் சண்டைக்குப் போனாள். மயிலம்மாளை அவள் ஏசலாம். மற்றவர்கள் ஏசக் கூடாது. மயிலம்மாளின் பாத்தியையும் சேர்த்துக் கொத்தினாள். அன்று மத்தியானம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்ற மயிலம்மாள் நின்றபடியே சரிந்து வாய்க்காலில் விழுந்தாள். தூக்கி நிறுத்தினால் கால் நிற்கவில்லை. சன்னாசி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். நீலாவதி பின்னாலேயே ஓடினாள்.

ஆஸ்பத்திரி என்பது தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை. வெள்ளைக்கார டாக்டர் போனபின் அங்கே மருந்து கட்டுகிற தெரசர் அமிர்தலிங்கம்தான் எல்லாம். யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்தில் பல வருஷம் இருந்து தோட்டத்துப் பேச்சு அவருக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. கோபம் வந்தால் மட்டும் ஊர்ப் பேச்சு எட்டிப் பார்க்கும். புண்ணுக்குக் கட்டத் துணி இல்லாமல் வாழைப்பட்டையைக் கிழித்துக்கொண்டிருந்தவர், மயிலம்மாளைப் பார்த்ததும் எழுந்தார்.

நாடி பிடித்தார். நெடுநேரம் பிடித்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். காலில் விரலால் அழுத்தினார். பிறகு ஒரு குவளைத் தண்ணீரைக் கொடுத்து, "ஒரு மிடறு விழுங்கு பிள்ளை" என்றார். அவள் விழுங்க, கழுத்திலிருந்த அந்தத் திரட்சி மேலே ஏறி இறங்கியது. நீலாவதிக்கு அப்போதுதான் அது சதைப்பிடிப்பு இல்லை என்று உறைத்தது.

"எத்தனை மாசம்?"

"நாலு முடியப் போவுதுங்க" என்றான் சன்னாசி.

"என்ன சாப்பாடு கொடுக்கிறீங்கள்?"

நீலாவதி முன்னால் வந்தாள். தன் சட்டத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். உப்பை நிறுத்தியதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தெரசர் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"விசரே உனக்கு?" என்றார். "கடல்லேயிருந்து வாற ஒண்டையும் விடாமல் பார்த்து நிறுத்தியிருக்கிறாய்."

"கரப்பான் வருமுங்களே."

தெரசர் பெருமூச்சு விட்டு முக்காலியில் உட்கார்ந்தார். மயிலம்மாள் பெஞ்சில் சாய்ந்து, அதற்குள் கண் அயர்ந்துவிட்டாள். சன்னாசி அவள் தலை சரியாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

"இங்கே பாரம்மா. கழுத்துக்குள்ளே ஒரு கோளம் இருக்குது. எனக்கும் இருக்குது, உனக்கும் இருக்குது. அது ஒரு சாறு சுரக்கும். எச்சில் மாதிரி வாய்க்கு வராது. நேரா ரத்தத்திலே கலந்து உடம்பெல்லாம் போகும். காலையிலே பெரட்டு எதுக்கு வைக்கிறான்?"

பெரட்டு என்றால் விடியற்காலையில் மணி அடித்து, லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஆட்களைக் கூட்டி நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பது. பிறந்ததிலிருந்து அந்த மணிக்கு எழுந்தவள் நீலாவதி.

"ஆளுங்கள வேலைக்குப் பிரிச்சு வுட."

"மணி அடிக்காட்டி?"

"எவன் எந்திரிப்பான்? லயத்துலயே சுருண்டு கெடப்பான்."

"அந்தச் சாறுதான் உடம்புக்குப் பெரட்டு மணி. நெஞ்சே துடி, குடலே நகரு, தோலே சூடா இரு எண்டு சொல்றது அதுதான். இவளுக்கு மணி சரியா அடிக்கல்லை. உள்ளே எல்லாரும் படுத்துக் கிடக்கினம். இது சோம்பல் இல்லை."

நீலாவதி யோசித்தாள். எதையும் அப்படியே விழுங்குகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"சாறு கொறஞ்சா அது வத்தித்தானங்க போவணும்? ஏன் வீங்குது?"

தெரசருக்குக் கோபம் தணிந்துவிட்டது. இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை.

"மூளைக்கு அடியிலே ஒரு பெரிய கங்காணி இருக்கிறான். கடலைப் பருப்பு அளவுதான் ஆள். சாறு குறைஞ்சா அவன் இன்னொரு சாறை அனுப்பி, கொண்டா கொண்டா எண்டு விரட்டுவான். கோளத்துக்கோ செய்யச் சாமான் இல்லை. ஆனாலும் கங்காணி விரட்டுறானே எண்டு ஆளைச் சேர்த்துச் சேர்த்துப் பெருக்கும். அதுதான் வீக்கம். ஆள் கூடுது, வேலை நடக்கல்லை."

"என்ன சாமான் இல்ல?"

"அயோடின் எண்டு ஒரு சத்து. கடல்லே இருக்குது. மீன்லே, கருவாட்டிலே, சிப்பியிலே. இந்த மேட்டு மண்ணிலே விளையுற கிழங்கிலே இல்லை. அந்தக் கிழங்குத் தண்ணியையும் இனிக் கொட்டிப் போடு. அதிலே ஒரு நஞ்சு இறங்குது. கழுத்துக்கும் அது ஆகாது எண்டுதான் எனக்குப் படுது. நிச்சயமாச் சொல்ல மாட்டன்."

"புள்ளைக்கு?"

தெரசர் மயிலம்மாளை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பிள்ளைக்கும் ஒரு கோளம் உண்டு. முதல் மாசங்கள்லே அது வேலைக்கு வராது. தாயின் சாறுதான் பிள்ளைக்கும். மூளை வளர்றது அதாலே. பிறகு அது எழும்பி வேலை செய்தாலும் சாமான் தாயிட்டேயிருந்துதான் போகவேணும். கிடைக்காட்டி, பிள்ளை தங்காமல் போகலாம். தங்கினாலும் காது கேளாமல், பேச்சு வராமல், வளர்த்தி இல்லாமல் போகலாம். அப்படித்தான் ஆகும் எண்டு சொல்லல்லை. விடக் கூடாது எண்டு சொல்றன்."

நீலாவதி கேட்கப் பயந்துகொண்டே கேட்டாள். "மொதப் புள்ள செத்துப் பொறந்தது கருவாட்டாலதான?"

"அது எதாலே எண்டு எனக்குத் தெரியாது. பிள்ளை அப்படிப் பிறக்க நூறு காரணம் இருக்குது. ஆனா கருவாட்டாலே ஒரு பிள்ளையும் சாகல்லை."

அலமாரியிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். புண்ணில் போட்டால் உயிர் போகிற மாதிரி எரியுமே, அந்த டிஞ்சர். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. ஒரு துளியைத் தண்ணீரில் விட்டார். தண்ணீர் தேத்தண்ணி நிறமாயிற்று.

"இதக் குடிக்கவா?" என்று நீலாவதி பதறினாள். "கால் புண்ணுக்குப் போடறதுங்க."

"புண்ணுக்கும் இதுதான். தினம் இங்கே வந்து என் கையாலே குடிக்கட்டும். நீயாக் கொடுக்காதே, அளவு மிஞ்சினாலும் கெடுதல். ஆனா இது ரொம்ப நாள் வராது. கடலிலேயிருந்து ஏதாவது கொண்டு வாருங்கள்."

மயிலம்மாளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள். வீட்டு வாசலில் சன்னாசி, "நான் லிங்கிக்குப் போயிட்டு வரேன்க்கா. அங்க கருவாட்டுக் கனி பாய் கடையில கெடைக்கும்" என்றான்.

"நீ போவ வேணாம்."

"பின்ன?"

"ரோட்டுல ஆம்பளயக் கண்டா லோரி நிக்குது. ஒருத்தனக் குடுத்தது போதும்."

சன்னாசி தலையைக் குனிந்துகொண்டான். நீலாவதி முந்தானையில் கொஞ்சம் மரவள்ளி மாவைக் கட்டிக்கொண்டு, விடிந்ததும் புறப்பட்டுவிட்டாள். ரந்தாவ் வரை வாழைக்குலை தூக்கிப் போகும் பெண்களோடு நடந்தாள். அதற்கப்புறம் தனியாக. சாலையோரத்துத் தோட்டங்களெல்லாம் லாலான் புல் மண்டிக் கிடந்தன. மழை பிடித்துக்கொண்டது. மாவு நனையாமல் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். கருவாடு, சிப்பி என்று அவள் நிறுத்திய பண்டங்களின் பெயரெல்லாம் வழியெங்கும் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றையும் எத்தனை சாமர்த்தியமாக நிறுத்தினாள்.

நாகூர் கனி சண்டைக்கு முன்னால் சைக்கிளில் கருவாட்டு மூட்டை கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாக வருவார். இப்போது சைக்கிளுக்கு டயர் இல்லை. லிங்கி ஆற்றோரத்தில் கடையில் பாதிப் பலகையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீலாவதி முந்தானையை அவிழ்த்துக் காட்டினாள்.

"மாவு இங்கயும் கெடக்கு தங்கச்சி," என்றார் தயங்கி. "எல்லாரும் இதத்தான் கொண்டாறாங்க. கருவாடு சொற்பந்தான் இருக்கு."

உள்ளிருந்து அவர் மனைவி மஜீதா எட்டிப் பார்த்தாள். மாவைப் பார்க்கவில்லை. நீலாவதியின் ரவிக்கை ஓரத்தைப் பார்த்தாள். அங்கே ஒரு ஊசி குத்தியிருந்தது. அன்னாசி இலையில் உரித்த நார்தான் நூல்.

"அது ஊசியா புள்ள?"

"ஆமாங்க ராத்தா."

"தைப்பியா?"

ஊசி என்பது அந்த நாளில் ஒரு ஊருக்கு ஒன்று இருந்தால் அதிகம். மஜீதா வீட்டில் கிழியாத துணி ஒன்றுகூட இல்லை. நீலாவதி பின்கட்டில் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாள். கைலி, பிள்ளைகளின் சட்டை, தலையணை உறையில் வெட்டிய பாவாடை. அன்று மிச்சமிருந்த பொழுதும் மறுநாள் பொழுது சாயும்வரையும் தைத்தாள். மஜீதா பக்கத்தில் உட்கார்ந்து கெராங் சிப்பி அவித்து உடைத்துக்கொண்டே கதை கேட்டாள். கடல்நீர் காய்ச்சிய உப்பில் புரட்டி ஒரு கை அள்ளி நீலாவதி முன்னால் வைத்தாள். உப்பு நாக்கில் பட்டதும் நீலாவதிக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில் இருக்கிறவளை நினைத்துக்கொண்டு மெதுவாகத் தின்றாள்.

"நீங்க புள்ளத்தாச்சியா இருக்கறப்ப இதெல்லாம் திம்பீங்களா ராத்தா?"

"நல்லாக் கேட்ட போ. ஏழு புள்ளைக்கும் மீனுதான். மீனு இல்லாட்டி ஆத்தோரத்துல ஒருத்தியும் புள்ள பெக்க முடியாது."

"கரப்பான் வரலயா?"

"ஒண்ணுக்கு வந்துச்சு. வேப்பில போட்டுக் குளிப்பாட்டுனேன், போச்சு. அதுதான் இப்பத் தோணி தள்ளுது. கூப்புட்டுக் காட்டவா?"

நீலாவதி ஊசியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தன் வாழ்நாளில் தன்னைவிடக் கம்மியாகத் தெரிந்தவர்களைத்தான் அவள் சந்தித்திருந்தாள். அல்லது அப்படி நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அந்த நினைப்பு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

கிளம்பும்போது கனி பாய் நெத்திலியும் வாளைக் கருவாடும் ஓலைப்பெட்டியில் கட்டிக் கொடுத்தார். மஜீதா அதன்மேல் அவித்த கெராங்கை உப்பில் உலர்த்தி ஒரு பொட்டலம் வைத்தாள். "அது அவருக்குத் தெரியாது," என்றாள். "மாசம் ஒருக்கா வா. கிழியறதுக்கு இங்க பஞ்சமில்ல."

வழியில் ஒரு மலாய்ப் போலீஸ்காரன் மறித்தான். பெட்டியை மூடி மேலே எத்தனை மரவள்ளி இலை போட்டாலும் வாளைக் கருவாட்டின் வாசனையை யார் மறைக்க முடியும்? நீலாவதி தனக்குத் தெரிந்த மலாயில் தம்பி பெண்டாட்டி பிள்ளைத்தாச்சி என்பதைச் சொல்லி, கையால் வயிற்றையும் கழுத்தையும் காட்டினாள். அவன் ஒரு கருவாட்டை எடுத்து முகர்ந்து பார்த்தான். திரும்பப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, போ என்று கையைக் காட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் கால்கூடக் கழுவாமல் அடுப்பை மூட்டினாள். ஒரு துண்டு வாளையைச் சுட்டு, கிழங்கை மசித்து, உப்புத் தூவித் தட்டில் வைத்து மயிலம்மாள் முன்னால் நீட்டினாள். மயிலம்மாள் தட்டைப் பார்த்தாள். பின்னால் நகர்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"எனக்கு வேணாம் அண்ணி."

"மருந்துடி இது. தெரசர் ஒனக்குச் சொல்லலயா?"

"டிஞ்சரு குடிக்கறேன். தெனம் போயிக் குடிச்சிட்டுத்தான் வரேன். இது வேணாம்."

"ஏன்டி?"

மயிலம்மாளுக்குப் பேசுவதே பாரமாக இருந்தது. தடித்த குரலில் ஒவ்வொரு சொல்லாகத் தூக்கி வைத்தாள். "நீங்கதான சொன்னீங்க. அந்தப் புள்ளையக் கெடத்தி வச்சிருந்தப்ப. நாக்க அடக்கத் தெரியாதவளுக்கு எதுக்குப் புள்ளன்னு. அன்னியிலேருந்து அடக்கிக்கிட்டுத்தான் இருக்கேன். எந்த வூட்டுலயாச்சும் கருவாடு சுட்டா மூச்சப் புடிச்சுக்கிட்டு நடப்பேன். வாசம்கூட உள்ள போவக் கூடாதுன்னு."

வாசலில் உட்கார்ந்திருந்த சன்னாசி எழுந்து குழாயடிப் பக்கம் போய்விட்டான். நீலாவதி தட்டைக் கீழே வைத்தாள். அவள் நடந்து வந்த தூரம் முழுக்க எதைத் தாண்டி வந்ததாக நினைத்தாளோ அது இங்கே வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. ஒரு சொல்தான். யாருக்கும் தெரியாமல் இத்தனை நாள் இவள் வயிற்றில் இருந்திருக்கிறது.

"நான் சொன்னது தப்பு" என்றாள்.

"தெரசரு சொன்னதால சொல்றீங்க."

"அவரு சொல்லாட்டியும் தப்புதான்." நீலாவதி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அன்னிக்கு யாரையாச்சும் வையணும்போல இருந்துச்சு மயிலு. சாமிய வையப் பயம். தம்பி கல்லு மாதிரி நிக்கறான். நீதான் எதுத்துப் பேசாமப் படுத்துக் கெடந்த. ஒன்ன வஞ்சிட்டேன். அந்தப் புள்ளையத் தூக்கணும்னு நானும் மாசக்கணக்கா இருந்தேன்டி. எனக்குன்னு ஒண்ணு பொறக்கல. அது என் மடியில கெடக்கும்னு நெனச்சிருந்தேன். அது இல்லேன்னதும் எனக்குக் கண்ணு தெரியல."

வெளியே மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. நீலாவதி கருவாட்டில் ஒரு முள்ளை எடுத்துப் போட்டாள். இன்னொரு முள்ளை எடுத்தாள். எல்லா முள்ளும் தீர்ந்தபின்னும் விரல் தேடிக்கொண்டிருந்தது.

"நீ நாக்க அடக்காததால அது சாவல. எல்லாரு முன்னாலயும் சொன்னேன். எல்லாரு முன்னாலயும் வேணும்னாலும் திருப்பிச் சொல்றேன். குழாயடியில நின்னு சொல்றேன்."

"வேணாம் அண்ணி."

"ஒரு வாயி திங்கறியா?"

மயிலம்மாள் கையை நீட்டினாள். ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மென்றாள். கண்ணோரம் நீர் வழிந்தது.

"அப்பவும் இதே வாளதான் அண்ணி" என்றாள். "மொதப் புள்ளைக்கு ஆசப்பட்டுத் தின்னது. ரொம்ப நல்லா இருந்துச்சு."

நீலாவதி சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். மயிலம்மாள் அவள் முதுகில் கை வைத்தாள். அந்தக் கை குளிர்ந்துதான் இருந்தது.

உடம்பு ஒரே நாளில் திரும்பவில்லை. டிஞ்சர் குப்பி ஒருநாள் காலியாயிற்று. தெரசர் அதைக் கழுவி அந்தத் தண்ணீரையும் கொடுத்தார். நீலாவதி மாசந்தோறும் ஊசியோடு லிங்கிக்கு நடந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக மயிலம்மாள் சாக்குப் போர்வையைக் கழற்றினாள். கன்னத்தின் ஊதல் வடிந்தது. வயிறு இளகியது. கழுத்து மட்டும் முழுக்க வடியவில்லை. "அது நிற்கட்டும், மேலே வளராட்டிப் போதும்" என்றார் தெரசர். ஒருநாள் கிழங்குக்காட்டில் அவளுக்கு வேர்த்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைப்பதைப் பார்த்து நீலாவதி மண்வெட்டியைப் போட்டுவிட்டு நின்றாள். வேர்வையைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்பட்டவர்கள் தோட்டத்தில் அதற்கு முன் இருந்திருக்க மாட்டார்கள்.

பிள்ளை ஒரு காலையில் பிறந்தது. செல்லம்மாதான் பிரசவம் பார்த்தாள். பெண். முதலில் அழவில்லை. செல்லம்மா காலைப் பிடித்துத் தட்டியபின் ஒரு சின்னச் சத்தம் போட்டுவிட்டு ஓய்ந்துவிட்டது. நீலாவதிக்கு உயிர் போய் வந்தது. தெரசர் வந்து பிள்ளையைப் புரட்டிப் பார்த்தார். கழுத்தில் விரல் வைத்தார். வயிற்றைத் தொட்டார். தொப்புளைப் பார்த்தார்.

"எப்பிடிங்க இருக்கு?" என்றான் சன்னாசி வாசலிலிருந்து.

"பார்வைக்குக் குறை இல்லை. மற்றது இப்பவே சொல்ல ஏலாது. பால் இழுத்துக் குடிக்குதா எண்டு பாருங்கள். அந்தச் சாறு போதாத பிள்ளை சப்பவே சோம்பும். தூங்கிக்கொண்டே கிடக்கும்."

அவர் போய்விட்டார். பிள்ளை தூங்கியது. மார்பில் வைத்தால் வாய் பட்டும் படாமல் கிடந்தது. மயிலம்மாள் காம்பை அதன் உதட்டில் தேய்த்தாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டு தூங்கியது. வெயில் ஏறி, லயத்துக் கூரை சுட ஆரம்பித்தது. மறுபடி வைத்தார்கள். மறுபடி தூங்கியது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"சேனை வைக்கலியே இன்னும்," என்று செல்லம்மாதான் பேச்சை மாற்றினாள்.

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைப்பது சேனை. யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு ஒட்டும். அதனால் ஆள் பார்த்துத்தான் வைப்பார்கள். புருஷனோடு வாழ்கிற, பிள்ளை பெற்ற கையாக இருக்க வேண்டும். வெட்டிப் போட்ட ரப்பர் மரத்துப் பொந்தில் சன்னாசி எடுத்து வைத்திருந்த தேன் கொஞ்சம் சிரட்டையில் இருந்தது. நீலாவதி அதைச் செல்லம்மாவிடம் கொடுத்துவிட்டு மூலைக்கு ஒதுங்கினாள்.

"நீயே வையி செல்லம்மா. ஒனக்கு நாலு இருக்கு."

"அண்ணி வைக்கட்டும்" என்றாள் மயிலம்மாள்.

செல்லம்மா அவளைப் பார்த்தாள், பிறகு நீலாவதியைப் பார்த்தாள். "கொணம் ஒட்டும்டி. யோசிச்சுச் சொல்லு."

"ஒட்டட்டும்."

"வேணாம் மயிலு," என்றாள் நீலாவதி. "எங்கதை ஒனக்குத் தெரியாதா? புருஷன் இருக்கானா இல்லையான்னே தெரியாதவ. மடி காலி. போதாததுக்கு இந்த வாயி வேற."

"அந்த வாயும் வேணுந்தான் இந்தக் காலத்துல," என்றாள் மயிலம்மாள். அவள் பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கி நீட்டினாள். "லிங்கிக்குப் போன காலும் அதோடதான இருக்கு. வைங்க அண்ணி. நீங்க வைக்காட்டி யாரும் வைக்க வேணாம்."

நீலாவதி பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டாள். கனமே இல்லை. விரலைத் தேனில் தொட்டாள். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன, ஊசி குத்தி நுனியெல்லாம் தடித்த விரல் அது. இந்தப் பூவாயில் இதை எப்படி வைப்பது என்று கூச்சமாக இருந்தது. மெல்ல உதட்டைப் பிரித்து நாக்கில் தொட்டு வைத்தாள்.

பிள்ளை அசையவில்லை. மூடிய கண் மூடியபடியே இருந்தது. நீலாவதி மூச்சை நிறுத்திக்கொண்டாள். விரலை எடுக்கப் போனபோது உள்ளே அந்த நாக்கு ஒருமுறை புரண்டது. உதடு கூடியது. பிறகு கன்னம் குழிய, காய்த்த விரலை உள்ளுக்கு இழுத்துச் சப்ப ஆரம்பித்தது.

"இழுக்குது," என்றாள் நீலாவதி. "மயிலு, இழுக்குதுடி."

"கொண்டாங்க அண்ணி, மாருல போடுவோம்."

நீலாவதி விரலை மெல்ல உருவப் பார்த்தாள். பிள்ளை முகத்தைச் சுளித்து, பிஞ்சுக் கையால் அவள் கையைப் பற்றிக்கொண்டது. தேன் எப்போதோ தீர்ந்துவிட்டது. ஆனாலும் அது விடுவதாயில்லை.